தரைக்கு ஓட்டெடுப்பு

குவைத்
3.2.1984

கிரேஸி அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் மூவருக்கும் அதே சுகத்தைக் கேட்டு ஜெபிக்கிறேன். அத்தைக்கு இருமல் நின்றதா?

நம் புது வீட்டுத் தரைக்கு மொசைக்கா, பிளாஸ்டிக் ஷீட்டா என்று ஜெபக்கூட்டத்தில் கை தூக்கச் சொன்னீர்களாமே! "ஷீட்டே போட்டுடுங்க சார், ஃபாரின் மாதிரி இருக்கும்" என்று தோல் கம்பெனி சத்தியநாதன் சொன்னதும் பதினோரு கை எழும்பியதாம். எழும்பாதா? வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாயில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களுக்கு, பாய்க்கு அடியில் எது இருந்தால் என்ன? அந்தத் தரையைத் துடைக்கப்போகிற கை குவைத்தில் இருக்கிறது. அதை யார் எண்ணினார்கள்?

அந்த ஃபாரின் தரையில்தான் இந்த ஆஸ்பத்திரியில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் நடக்கிறேன். போன வாரம் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் லேசாக வீங்கியது, அவ்வளவுதான். அத்தையிடம் சொல்லவேண்டாம்.

கடையில் இரண்டுக்கும் சாம்பிள் வாங்கி, மத்தியானம் கூடத்தில் வைத்து, கன்னத்தை வைத்துப் பாருங்கள். ஆம்பூர் வெயிலில் எது சில்லென்று இருக்கிறது என்று தெரியும். இரண்டு வருஷமாக மேஜையில் சாப்பிட்டுக் கட்டிலில் படுக்கிறேன். மே மாதம் ஊருக்கு வந்ததும் கிரேஸியை அணைத்துக்கொண்டு வெறும் தரையில் படுக்கவேண்டும். ஷீட் என்றால் முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

கிரேஸியின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்கவேண்டும். டியூட்டி வேன் வந்துவிட்டது.

என் கையையும் எண்ணுங்கள்.

ஜெயபுஷ்பம்