பூட்டிக்கொண்ட ஜாக்கெட் அளவுகள்

புதன், ஆயுத பூஜை

காலையில் தூறல். மயிலாப்பூர்ச் சந்தில் அம்மாவின் தையல் கடை. எல்லாவற்றுக்கும் பொட்டு. மிஷின் 3, கத்திரி 5, அயர்ன் பாக்ஸ், கம்ப்யூட்டர். அதில் எப்போதும் செருகியே கிடக்கும், வாடிக்கையாளர் அளவுகளின் நகல் உள்ள பேக்கப் டிஸ்க்கையும் பிடுங்கிப் பொரித் தட்டில் வைத்தேன். பக்தி முற்றிவிட்டது.

வியாழன்

பெசன்ட் நகர்க் கல்யாண வீட்டிலிருந்து ஜாக்கெட் தைக்கப் பன்னிரண்டு பெண்கள். அம்மா அளக்க, நான் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க, விரல் வீங்கியது. சீசனின் பெரிய ஆர்டர். கல்யாணம் பத்தே நாளில்.

வெள்ளி

பள்ளி விட்டு வந்தால் கடையில் ஒரே சிரிப்பு. துணி வெட்டும் செல்வியக்கா கம்ப்யூட்டரைக் காட்டி: "இன்னா பாப்பா, மறுபடியும் உன் வேலையா? போன மாசமே ஏமாந்தாச்சு!"

போன மாதம் கோப்புப் பெயர்களையெல்லாம் கிறுக்கலாக்கி, சிவப்புத் திரை வைத்து அவரை அலற வைத்தது நான்தான். இது நானில்லை. பில் என்று வந்த மெயிலை அம்மா காலையில் திறந்திருக்கிறாள். பெயர்கள் ஒவ்வொன்றாகக் கிறுக்கலாக மாறியபோது, என் சேட்டை என்று யாரும் நிறுத்தவில்லை. மதியத்துக்குள் எல்லாம் பூட்டு. பணம் கட்டினால்தான் சாவி என்கிறது திரை.

"நான் பண்ணல" என்றேன். இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள். அம்மா திட்டவே இல்லை. பயமாக இருந்தது.

டிஸ்க்? பொரிக்கு நடுவே. திருப்பிச் செருக மறந்திருக்கிறேன்! அதனால் புதன் வரை வந்தவர்களின் அளவெல்லாம் அதில் பத்திரம். வியாழனின் பன்னிரண்டு பேர் மட்டும் காலி.

சனி

வெயில். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கம்ப்யூட்டர் அண்ணன் வந்து எல்லாம் அழித்து, டிஸ்க்கிலிருந்து மறுபடி ஏற்றினார். "செருகியே வெச்சா அது பேக்கப் இல்ல பாப்பா, கூடவே சாகிற ஜோடி."

சுவரில் ஒட்டியது:
டிஸ்க் வாரம் ஒருமுறை மட்டும். பிறகு வீட்டுக்கு.
திரை கோணினால் முதலில் நெட் வயரைப் பிடுங்கு, பிறகு என்னைத் திட்டு. (வயர் போனால் உயிர் பிழைக்கும்.)
கம்ப்யூட்டரில் என் சேட்டை நிறுத்தம்.

செல்வியக்கா: "கடைசி ஐட்டம் எத்தினி நாளிக்கு?"
நியாயமான கேள்வி. என் பேச்சை இனி யார் நம்புவார்?

ஞாயிறு

பெசன்ட் நகர். பன்னிரண்டு பேரையும் மறுபடி அளக்கப் பஸ் பிடித்தோம். கல்யாண வீட்டு வாசலில், "டேப்புல ஒரு சின்னக் கோளாறு..." என்று ஆரம்பித்தாள். நான் குறுக்கே விழுந்து உண்மையைக் கொட்டினேன். சேட்டை, மெயில், பூட்டு, எல்லாம்.

கல்யாணப் பெண்ணின் அம்மா: "அளவையே காப்பாத்த முடியலைன்னா துணியை எப்படி நம்பிக் குடுக்கறது? வேற கடை பாத்துக்கறோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாக நடிப்பில்லை.

கல்யாணப் பெண் உள்ளேயிருந்து: "அம்மா, டேப்புன்னே சொல்லி முடிச்சிருக்கலாம்ல? சொல்லலையே. அளக்கட்டும், எல்லாரும் இங்கதானே இருக்கோம்."

கூடத்தில் வரிசை. அம்மா அளந்தாள். ஒவ்வோர் அளவையும் இரண்டு நோட்டில் எழுதினேன். அம்மா கைப்பையிலிருந்து மூன்றாவது நோட்டை எடுத்து, "இதுலயும் எழுது" என்று நீட்டினாள்.