ஒரு முழக் குழி

1943 மார்ச் 14
மனை பேரம் முடிந்தது. செல்லாயியின் சங்கிலி சன்னாசி அண்ணன் கைக்குப் போனது. தாப்பா ரோட்டோரம் ஒரு துண்டு நிலம் எங்களுக்கு வந்தது. ஒரு முழம் குழி வெட்டி, எடுத்த மண்ணை அதிலேயே கொட்டி மிதித்தேன். மண் மிஞ்சியது. மிஞ்சினால் குடி விளங்கும். அண்ணன் வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூனுக்குள் தோட்டத்து லய வீட்டைக் காலி செய்யவேண்டும், ஜப்பான்காரன் உத்தரவு. செல்லாயிக்கு ஆறாம் மாதம். பிள்ளைக்கு ஒரு கூரை இருக்கும், அது போதும்.

ஏப்ரல் 9
நாலு மூலைக்கும் கம்பம் நட்டாயிற்று.

ஏப்ரல் 21
மூன்று நாள் மழை. இரண்டு கம்பம் முழங்கால் அளவு இறங்கிவிட்டன. தோண்டினேன். ஒரு முழத்துக்குக் கீழே சாம்பல் நிறச் சேறு, கூழ் மாதிரி. பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீனர் சிரித்தார். "இங்க முன்னே ஈயம் எடுத்த குட்டைலா. மேலே மண்ணு போட்டு மூடினது. எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும்! இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவன் நான். அங்கே ஒரு மரம்கூட இல்லையே, ஏன் என்று கேட்டேனா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஏப்ரல் 22
சன்னாசி அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேட்டு வீடு. அந்த ஈயச் சுரங்கத்தில் பம்பு ஓட்டியவர் அவர்.

"தெரிஞ்சுதானே வித்தீங்க?"

"குழி வெட்டிப் பார்த்தது யாரு? நீதானே! நல்ல மண்ணுன்னு நான் வாயைத் தொறந்தேனா?"

சங்கிலி அரிசியாகித் தீர்ந்துவிட்டதாம். அவர் மனைவி இருளாயி அக்கா உள்ளே அழுதாள். வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாவி... என் பிள்ளைய சேத்துல பெத்துப் போடச் சொல்றான்.

மே 3
வேறு இடத்தில் நட்டேன். அதுவும் இறங்கியது.

மே 17
"நாம எங்கங்க போறது?" என்றாள் செல்லாயி. கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. வெளியே வந்து உட்கார்ந்து அழுதேன்.

மே 26
கங்காணி வந்தார். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஒரு ஆள் குறைகிறதாம். "நீ வாரியா, இல்லே வேற ஆளைக் காட்டுறியா?"

செல்லாயி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மேட்டு வீட்டைக் காட்டினேன். பம்பு ஓட்டத் தெரிந்த ஆள் என்றும் சொன்னேன்.

மே 28
அண்ணனை ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டது. அவர் என்னைச் சேற்றில் இறக்கினார், சரி. நான் அவரை எங்கே அனுப்பினேன்? முன்னே போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

ஜூன் 20
பெண் குழந்தை. மேட்டு வீட்டில் பிறந்தது.

லயம் காலியான அன்று இருளாயி அக்காவே வந்து எங்களைக் கூட்டிப்போனாள். வெந்நீர் போட்டது, கொடி அறுத்தது எல்லாம் அவள்தான். பிள்ளையைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"அவரு வர்ற வரைக்கும் இங்கேயே இருங்க தம்பி. எனக்கு வேற யாரு இருக்கா?"

சரிக்கா என்றேன்.