ஞாயிறு மேசையில் மிஞ்சியது

1881 ஜூலை 3, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக விழுகிறது. பிறகு இதை எடுத்துப் படிக்கப் போகிற கிழவா, நானேதான் நீ, மன்னித்துக்கொள். இது அகப்பை பிடித்துப் பழகிய கை. பேனா இதற்கு மிகவும் மெல்லியது. ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப் போகிறது. ஆனாலும் இது நான் எழுதிய வரி! பல் போன வயதில் கண்டி மிஷன் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கற்றேன். கடைத்தெருவில் பெயர்ப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருகிறேன். ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஹந்தானை மலையில் இந்தக் கோப்பித் தோட்டத்துப் பங்களாவுக்கு நான்தான் அப்பு, சமையல்காரன். துரைக்கு ஞாயிறு என்றால் மாட்டு ரோஸ்ட். பெரிய தொடை, இரும்புச் சட்டி, மூடி மேலே தணல். முன்பெல்லாம் சுற்றுத் தோட்டத்துத் துரைமார் வந்து எலும்பு வரைக்கும் தின்பார்கள். இப்போது கோப்பி நோயில் அவர்கள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். துரை இன்னும் ஆறு தட்டு வைக்கச் சொல்கிறார். ஒருவர்தான் உட்கார்ந்தார். தொடை முக்கால்வாசி அப்படியே குசினிக்குத் திரும்பியது.

ஜூலை 4, திங்கள்

ரோஸ்டை ஆறவிட்டு மெல்லிசாகச் சீவி, கடுகு அரைத்துப் பக்கத்தில் வைத்தேன். சுட வேண்டியதில்லை, தாளிக்க வேண்டியதில்லை. இதைவிட இலேசான சமையல் இல்லை.

நான் ருசி பார்ப்பதில்லை. இத்தனை வருடம் மாடு சமைத்தும் நாக்கில் வைத்ததில்லை. குதிரைக்காரன் ஹபீல்தான் எனக்கு நாக்கு. சனிக்கிழமை கண்டிக்குப் போய் இறைச்சி வாங்கி வருவதும் அவன்தான்.

"அப்பு, உப்புக் காணாது. இன்னொரு துண்டு தாங்க, சரியாச் சொல்றேன்."

"போன துண்டுலயே சொன்னியே தம்பி?"

"அது அந்தத் துண்டுக்கு."

ஜூலை 6, புதன்

மிச்சத்தைக் கொத்தி, அவித்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் பிசைந்து, தோசைக்கல்லில் மொறுமொறுவென்று பிரட்டினேன். துரை இரண்டு வாய் சாப்பிட்டார்.

கோப்பி இலையைத் திருப்பினால் மஞ்சள் பொடி விரலில் ஒட்டுகிறது. கூலி ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு அரிசி பாதியாகக் குறைந்துவிட்டது.

ஜூலை 8, வெள்ளி

எலும்புச் சூப்பு. அதுவும் மிஞ்சியது. நாய்க்கு ஊற்றினேன். கீழே லயத்தில் பிள்ளைகள் அழுகிற சத்தம் குசினி வரைக்கும் கேட்கிறது.

ஜூலை 10, ஞாயிறு

மறுபடி பெரிய தொடை. ஆறு தட்டு. ஒரு ஆள்.

சாயந்தரம் லயத்துக்குப் போனேன். என் மகள் பாப்பம்மா கன்னம் ஒட்டிக் கிடக்கிறாள். பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகவில்லை, பால் வற்றிவிட்டது. மருமகன் மாசியிலேயே காய்ச்சலில் போய்விட்டான். என் பங்கு அரிசியை வேகாத அரிசியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். ஆக்கிய சோறு வாங்கமாட்டாள். மாடு தொட்ட கை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்துக் காம்பிரா அறையில் இருக்கிற ராக்கம்மாதான் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள், விறகு கொடுக்கிறாள். நான் கொடுத்ததைத் தின்றால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும்.

"பெத்தவளுக்குக் கறி ரசம் குடுத்தா பால் ஊறும் தாயி."

"நான் மாட்டேன்னா சொல்றேன்? உங்க பங்களா அடுப்புல ஒருநாளாச்சும் ஆடு வேகட்டும் அய்யா. புதுச் சட்டியில கொண்டாங்க, குடிக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 11, திங்கள்

துரையிடம் கேட்டேவிட்டேன். மேசையிலிருந்து திரும்பி வருவது அப்புவுக்கு என்பது எல்லாப் பங்களாவிலும் உள்ள வழக்கம். வேகாத இறைச்சியில் கை வைத்தால் அது திருட்டு. அதனால் துரை ஆடு தின்றால்தான் என் மகளுக்கு ஆடு.

"தொரைங்களே, இந்த ஞாயித்துக்கெழம ஆட்டுத் தொடை சுடட்டுங்களா?"

"ஞாயிறு மாடு, அப்பு. என் தகப்பன் வீட்டில் மாடு. இங்கேயும் மாடு."

கோபமாகச் சொல்லவில்லை. மேசையைச் சுற்றிக் கிடந்த காலிக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஜூலை 13, புதன்

ஹபீலிடம் அழுதுவிட்டேன். வெட்கம்தான்.

"இதுக்குப் போயா? சனிக்கிழம நான் ஆடு வாங்கிட்டு வாறேன். தொர குடிக்கிற சாராயத்துக்கு அவருக்கு ஆடும் ஒண்டுதான், செருப்பும் ஒண்டுதான்."

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று சொன்னேன்.

ஜூலை 17, ஞாயிறு

ஆட்டுத் தொடையைச் சீனி கருக்கிய நீர் தடவிக் கறுப்பாகச் சுட்டேன். குழம்பில் மிளகு கூடப் போட்டேன். மேசையில் வைத்தேன். துரை வெட்டினார், மென்றார், என்னைப் பார்த்தார்.

"மாடு சின்ன மாடு, அப்பு."

"ஆமாங்க தொர."

துரை ஒரு பக்கம் இரண்டு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு தட்டத்தைத் தள்ளிவிட்டார்.

கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். துரை கத்தி படாத பக்கத்தைப் பிய்த்து, புதுச் சட்டியில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசமாகக் கொதிக்கவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது, இதை நான் குடிக்கலாமே! ஒரு அகப்பை குடித்தேன். என் ரோஸ்ட் என்ன ருசி என்று இந்த வயதில்தான் தெரிந்தது. நன்றாகத்தான் சமைக்கிறேன். குசினியில் தனியாக நின்று சிரித்தேன்.

சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு இறங்கினேன். பாப்பம்மா சட்டியைப் பார்த்தாள்.

"என்ன கறி?"

"ஆடு."

அவள் கை நீட்டினாள். அதற்குள் வாசலில் ராக்கம்மா.

"ஞாயித்துக்கெழம தொர ஆடு திங்கிறாராமா? திங்கக்கெழம புல்லுத் திம்பாரா? ஏன் சின்னையா, பெத்த மகளுக்கே மாட்ட ஊத்துறீங்களே!"

சத்தியம் செய்தேன். லயமே கூடிவிட்டது. ஹபீல் வாங்கினான் என்றேன். அவன் மாடு தின்கிறவன்தானே என்றார்கள். பாப்பம்மா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொர வாயால சொன்னா குடிக்கிறேன் அய்யா. இவங்கள விட்டா எனக்கு யாரு?"

நான் இருக்கிறேனே. சொல்லவில்லை.

ஜூலை 18, திங்கள்

துரை வாயால் சொல்ல வேண்டுமென்றால் துரைக்குத் தெரிய வேண்டும். வேலை போனால் போகட்டும். காலில் விழுந்து சொன்னேன்.

"எழும்பு. அறுபது வயதுக்காரனுக்கு ஆடு எது மாடு எது தெரியாதா?"

தெரிந்தேதான் தின்றிருக்கிறார்! லயத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். நாளைக் காலையில் வருகிறேன் என்றார். ரசத்தைச் சுட வைத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு, நாளைக்கு.

ஜூலை 19, செவ்வாய்

கண்டியிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். விற்கப் போகிறார்கள் என்று பேச்சு. அவர்கள் போனதும் துரை அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டினேன். திறக்கவில்லை. தட்டத் தட்ட எனக்கே பயமாகிவிட்டது. உடைத்திருக்கணும். ஏன் உடைக்கல?

பிள்ளை அழுகிற சத்தம் இன்றைக்குக் கேட்கவில்லை. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 20, புதன்

விடிவதற்கு முன்னே போய்விட்டது.

துரை வந்தார். காலையில் தானாகவே இறங்கி வந்தார். இத்தனை வருடத்தில் அவர் லயத்து வாசலில் நின்று நான் பார்த்ததில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தோம். அது அவருக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"அது ஆடு. மாடு இல்லை. ஆடு."

அப்புறம்தான் துணியைப் பார்த்தார்.

ஜூலை 21, வியாழன்

பரிமளம்.

பேத்தி பெயரை இன்றைக்குத்தான் எழுதிப் பார்த்தேன். எவ்வளவு மெதுவாக எழுதினாலும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஜூலை 22, வெள்ளி

ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 24, ஞாயிறு

துரை காலையில் குசினி வாசலுக்கு வந்தார். "இன்றைக்கு ஒரு தட்டு, அப்பு" என்றார். ஹபீல் ஆடுதான் வாங்கி வந்திருந்தான். துரை சொல்லியிருக்கிறார். இன்னும் எத்தனை ஞாயிறு இந்தப் பங்களாவில் அடுப்பு எரியும் என்று அவருக்கும் தெரியாது.

மிஞ்சியதைப் பிய்த்து, வெங்காயம் வதக்கிச் சோற்றோடு பிரட்டிக் கொண்டுபோனேன். லயத்து ஆட்கள் வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். ராக்கம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பாப்பம்மா உள்ளே போகவில்லை. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் படியில் உட்கார்ந்து, சட்டியை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ஆடுதான் தாயி," என்றேன்.

"நான் கேக்கலையே அய்யா."

சட்டியில் கையை விட்டுப் பிசைந்து, ஒரு வாய் தின்றாள். அடுத்த உருண்டையை எனக்கு நீட்டினாள்.

கை மிகவும் வலிக்கிறது. வருகிற ஞாயிறும் அவளோடு உட்கார்ந்து தின்றுவிட்டு வந்து, இந்த விரல் வளைந்தால் எழுதுவேன்.