ரயிலில் விட்ட பலாச்சுளை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

ஊரிலிருந்து வந்த பேர்ளி அக்காவிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய பலாச்சுளைகளை பாரிஸ் லாச்சப்பலில் அவரிடம் வாங்கிக்கொண்டு, செவ்ரானில் இருக்கும் வீட்டுக்கு ரயில் ஏறினேன். பழ வாசம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. பையை இருக்கைக்கடியில் தள்ளிவிட்டு இறங்கினேன்.

ஒரு தமிழ் ஐயா பையோடு பின்னாலேயே ஓடிவந்தார். "பிள்ளை, இது உங்கடையெல்லோ?"

என்னுடையதில்லை என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"அப்ப நான் கொண்டுபோறன். பலாக்கொட்டைக் கறி சாப்பிட்டுக் கனகாலம்" என்று சிரித்தார்.

பேர்ளி அக்கா கேட்டபோது, பழம் நன்றாக இனித்தது என்றேன். உங்களிடம் அப்படிச் சொல்ல நாக்கூசுகிறது, அம்மா.

இன்னொருமுறை அனுப்புவீர்களா? ஒரு சுளையென்றாலும் போதும். வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
துஷ்யந்தி