கடைசி பஸ்ஸில் வா

அன்பு மகள் ஹரிஷாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், கடையும் சுகம், கல்கரிக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க நல்லூரான் துணை. போனில் நீ அழுததால் என்னால் ஒழுங்காகக் கதைக்க முடியவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

இங்கே சுவிஸில், நம் கெமைண்டவின் ஊர்ச்சபைக் கூட்டத்தில், இரவுக் கடைசி பஸ்ஸை நிறுத்தச் சொல்லிப் பிரேரணை கொண்டுவந்தவர் ஹெர் கெல்லர், நம் கடைக் கட்டிடத்துச் சொந்தக்காரர். அந்த பஸ்ஸில் யாரும் வருவதில்லையாம். அப்படியென்றால் ஷாஃப்ஹவுசன் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வரும் ஜெயகௌரி மாமி யார், ரெஸ்டோரண்ட் குசினியில் சட்டி கழுவிவிட்டு வரும் பிருந்தன் யார்? அவர்களுக்கு இன்னும் சுவிஸ் பாஸ்போர்ட் இல்லை, கூட்டத்தில் கை உயர்த்த முடியாது. எனக்கு முடியும். எழுந்து நின்று கடையில் பழகிய என் அரைகுறை ஜெர்மன் மொழியில் இதைச் சொன்னேன். பின்வரிசையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சனிக்கிழமை என் சமோசாவுக்கு வரிசையில் நிற்பவர்களும் அவர்கள்தான். பக்கத்திலிருந்த குணசேகரம் அண்ணை காதுக்குள், "ரகசிய வாக்கெடுப்புக் கேளும் தம்பி, கெல்லர் பாத்துக்கொண்டிருக்கிறார், கடை போயிடும்" என்றார். நல்ல மனிதர், பயந்த மனிதர். நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் எல்லார் கண்முன்னாலும் அரிசி நிறுத்துக் கொடுத்த கை, இதற்கு மட்டும் ஏன் ஒளிய வேண்டும்? கையைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், கூட்டமென்றாலே தலையிடி என்கிற உன் அம்மாவின் கை எனக்கு முந்தியே மேலே நிற்கிறது. கண் கலங்கிவிட்டது பிள்ளை. மயிரிழையில் பஸ் தப்பியது.

மறுவாரமே கடையை விடச் சொல்லிக் கெல்லர் அறிவித்தல் அனுப்பிவிட்டார். அதை எதிர்த்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், தோற்றாலும் தோற்கலாம். பயமில்லையா என்று கேட்டாய். இருக்கிறது, இரவில் நித்திரையும் குறைவுதான். ஆனால் "கெல்லரிட்டைப் போய் மன்னிப்புக் கேளுங்கோ அப்பா" என்றாயே, அதை இனி வாயில் எடுக்காதே. வரும் தேர்தலில் கெமைண்ட சபைக்கு நானே நிற்கிறேன். போஸ்டரைக் கடைக் கண்ணாடியில், கெல்லர் காரை விட்டு இறங்கும் பக்கமாகப் பார்த்து ஒட்டியிருக்கிறேன். கடைப் பூட்டின் திறப்பு என் கையில் இருக்கும்வரை அது அங்கேதான் இருக்கும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுக்காதே. எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. டிசம்பரில் நத்தார் லீவுக்கு வரும்போது விமானம் எவ்வளவு பிந்தினாலும் ஸ்டேஷனுக்குக் கார் கொண்டுவர மாட்டேன். கடைசி பஸ்ஸில் ஏறி வா. கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பஸ் தரிப்பிடத்தில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம்.

இப்படிக்கு,
கையை இறக்காத உன் அப்பா,
இரவீந்திரன்