முழங்கால் தண்ணீரில் நான்

அன்பு மகளுக்கு, இங்கே நானும் அப்பாவும் நலம், வீடு நனையாத நலம் என்று சேர்த்து எழுதச் சொல்கிறார் அப்பா. நீயும் அழுகையை நிறுத்திவிட்டு நலமாக இருப்பாய் என நம்புகிறேன். நேற்று போனில் என்னைப் பேசவே விடாமல், கடைசித் தேர்வை விட்டுவிட்டு விமானம் ஏறுகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் இதைப் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்பிவிடுவார்.

உன் அம்மா வெள்ளத்தில் தவிப்பதாக நீ டிவியில் பார்த்த இடம் நம் தெருமுனைதான், மருந்துக் கடை எதிரே எப்போதும் தண்ணீர் தேங்குமே, அதே பள்ளம். நான் காய் வாங்கிக்கொண்டு ஓரமாகத்தான் வந்தேன். செய்திக்காரப் பெண் ஒருத்தி, "கொஞ்சம் உள்ள இறங்கி நில்லுங்கம்மா, காலைலேர்ந்து ஒண்ணுமே கிடைக்கல" என்று கெஞ்சினாள், பாவமாக இருந்தது, புடவையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். சிரிக்காதீங்க என்று வேறு சொன்னாள். அதையே நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டதில் இருபது வருடமாகப் பேசாத உன் பெரியப்பாகூடப் போன் செய்துவிட்டார், அப்பாவுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

ஆனால் அதைப் பார்த்துவிட்டு மாலையில் மூன்று வண்டி நிறைய ரொட்டியும் போர்வையும் நம் தெருவில் வந்து இறங்கியபோது என் முகம் செத்துப்போனது. நிஜமாகவே இடுப்பளவு தண்ணீர் நின்றது பழைய ஆலைக் குடியிருப்பில். அங்கே கேமரா வண்டி போகப் பாதை இல்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. நாங்களும் டீச்சரும் தலையில் சுமந்துபோய்க் கொடுத்தோம். குழந்தையோடு கூரைமேல் உட்கார்ந்திருந்த ஒருத்தி ரொட்டியை வாங்கிக்கொண்டு, "நீங்கதானே டிவில வந்தவங்க, செல்லுல பார்த்தேன், உங்க வீட்ல தண்ணி வடிஞ்சிடுச்சாம்மா?" என்று என்னை விசாரித்தாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் அந்தச் செய்திக்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்து, வண்டி போகாவிட்டால் என்ன, கால் இருக்கிறதல்லவா என்று கையோடு அழைத்துப் போனேன். நல்ல பெண்தான், வந்தாள், டிவியில் காட்டினாள். இன்று காலை அங்கே படகும் பம்பும் வந்துவிட்டன. நம் தெருவை எல்லோரும் மறந்துவிட்டார்கள், நிம்மதியாக இருக்கிறது.

எனக்காக நீ ஓடிவரப் பார்த்ததில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் டிக்கெட்டை இன்றே ரத்து செய். வேளைக்குச் சாப்பிடு. நினைத்ததை முடித்து நூறு வருடம் நன்றாக இரு. தேர்வை எழுதிவிட்டு வா, விமான நிலையத்துக்கு நானே வருகிறேன், அழுவதானால் அங்கே சேர்ந்து அழலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா