அசையாமல் நின்ற ஐந்து கால் பூனை

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வீடு நலம், நீயும் உன் அண்ணனும் எந்தக் கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்களோ அந்தக் கையும் நலம். அங்கே நீ நன்றாக இருப்பாய் என்றும் உன் இருமல் உன்னை விட்டுத் தொலைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ அதை முடித்து வைக்கிறாய், அதுவும் நான் நினைக்காத விதமாக. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படி.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நீ லீவில் வந்ததும் என் வேலையறையைக் காலி செய்து, சாமான்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டு, சுவருக்கும் கதவுக்கும் பெயின்ட் அடித்து, வீட்டை வாடகைக்கு விட்டு, என்னை அண்ணன் வீட்டு மாடி அறையில் கொண்டுபோய் வைப்பதாக இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறீர்கள். நானும் சரி என்று தலையாட்டினேன், அதை மறுக்கவில்லை. இப்போது அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான் வரவில்லை. அறை காலியாகாது. பெயின்டரிடம் நானே பேசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டாராம், அது அண்ணன் பாடு.

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்கு தெரு தள்ளி இருந்துகொண்டு ஞாயிறு தவறாமல் வருகிறான், மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்க்கிறான், படிக்கட்டில் பல்பு மாற்றித் தருகிறான். அவன் பெண் பரீட்சையில் கணக்கைக் கோட்டைவிட்டுவிட்டாளாம், வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லையாம், நீ போன் பண்ணினால் அதைக் கேட்டு வைக்காதே. ஆனால் அவனுக்கும் ஒரு குறும்பு இருக்கிறது. போன மாதம் தன் ஹெட்போன் ஒயர் விட்டுப்போச்சு என்று சொல்லி என் சால்டரிங் அயர்னை வாங்கிக்கொண்டு போனான். பிறந்ததிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக்கூட நேராகப் பிடிக்காதவன் ஒயர் ஒட்டப் போகிறானாம். யார் காதில் பூச்சுற்றுகிறான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் கடை திறந்ததும் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முன்னதைவிட இது நல்ல சூடு வருகிறது, அவனிடம் சொல்லாதே.

நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒரு தடவைகூட முழுதாகக் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். தொழிற்சாலையில் கருவிகள் பழுது பார்க்கும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்தேன் அல்லவா, அங்கே கழித்துப்போட்ட ஆசிலோஸ்கோப் ஒன்றை, கரென்ட்டின் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டுகிற கருவியை, ஓய்வு பெறும்போது எழுதிக் கொடுத்து வாங்கி வந்தேன். அதன் உள்ளே எல்லாம் செத்துவிட்டது, பிக்சர் டியூப் மட்டும் உயிரோடு இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டக் கண்ணாடி, பச்சை ஒளி. அந்த டியூபை வைத்துத்தான் கோட்டுப்படம் காட்டும் பெட்டி ஒன்றைச் செய்கிறேன். டிவியில் படம் வருவது தரையைப் பெருக்குகிற மாதிரி, மேலிருந்து கீழே வரி வரியாகக் கூட்டிக்கொண்டு வரும். இதில் அப்படி இல்லை. ஒரே ஒரு ஒளிப்புள்ளி, அது பேனா முனை போல எங்கே போகச் சொல்கிறேனோ அங்கே போகும். இங்கிருந்து அங்கே கோடு, அங்கிருந்து அதற்கு மேலே கோடு, இப்படி முழுப் படத்தையும் ஒரு நொடியில் ஐம்பது தடவை வரைந்துவிடும், நம் கண்ணுக்கு நின்ற படமாகத் தெரியும். புள்ளியைக் குறுக்கே இழுக்க ஒரு போர்டு, மேலும் கீழும் இழுக்க ஒரு போர்டு, எண்களை வைத்துக்கொண்டு கட்டளை போட ஒரு சின்ன சிப். எல்லாம் நானே ஈயம் வைத்தது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா தன் பழைய மிஷினின் மர மூடியைப் பெட்டியாக வைத்துக்கொள்ளக் கொடுத்தாள்.

என்ன படம் என்று கேட்கிறாயா? வேலையறைக் கதவின் உள்பக்கம் ஆறு வயதில் நீ ஒரு பூனை வரைந்தாய், ஞாபகம் இருக்கிறதா? காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டே போய் ஐந்து கால் ஆகிவிட்டது. அண்ணன் அது மாடு என்பான், நீ அழுவாய். அந்தப் பூனைதான். கதவின் மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டிப் பென்சிலால் எடுத்து, கிராஃப் தாளில் வைத்து, இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே எவ்வளவு மேலே எவ்வளவு என்று எண்களாக எழுதி சிப்புக்குள் ஏற்றினேன். முதல் நாள் போட்டுப் பார்த்தால் காதிலிருந்து காலுக்கு ஒரு கோடு, காலிலிருந்து மீசைக்கு ஒரு கோடு, பூனை சிலந்தி வலையில் மாட்டின மாதிரி இருந்தது. தையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என்னக்கா, தச்சு முடிச்சிட்டு நூலை அறுக்காம விட்டுட்டீங்க என்றாள். சரியாகச் சொன்னாள். ஒரு கோடு முடிந்து அடுத்த கோட்டுக்குத் தாவும்போது ஒளியை அணைக்க வேண்டும், அந்தக் கட்டளையை நான் எழுத மறந்திருந்தேன். எழுதினேன், நூல்கள் எல்லாம் அறுந்தன, பூனை வந்தது.

வந்த பூனை ஆடியது. தண்ணீரில் தெரிகிற நிழல் மாதிரி இடமும் வலமுமாக நிதானமாக நெளிந்துகொண்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணன் வந்தான். படத்தைப் பார்த்தான், ஸ்க்ரூடிரைவர் பிடித்திருந்த என் வலது கையைப் பார்த்தான், வீடியோ எடுத்து உனக்கு அனுப்பினான். நீ உடனே போனில் வந்து, பாத்தியாம்மா, உன் கை நடுங்குறது படத்துலயே தெரியுது, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஒயரைக் கட்டிக்கிட்டு அழப்போறே என்றாய். அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கை நடுங்குவது உண்மைதானே, இரண்டு வருஷமாக நடுங்குகிறது. டாக்டர் பயப்படும்படி ஒன்றுமில்லை, வயசானா சிலருக்கு வரும், கையைச் சும்மா வைக்காம வேலை வாங்குங்க என்றுதான் சொன்னார். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னதும் நான் நம்பிவிட்டேன். பதினோரு நாள் அந்த அறைக்குள் போகவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். அந்தப் பதினோரு நாளில்தான் அண்ணனிடம் மாடி அறைக்கு வருகிறேன் என்று சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, அவன் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள் தையல்காரம்மா தன் மர மூடியைத் திரும்ப எடுத்துப்போகலாமா என்று கேட்க வந்தாள். போகும் முன் ஒரு தடவை பூனையைக் காட்டச் சொன்னாள். போட்டேன், ஆடியது. என் கை அக்கா, அதான் படம் ஆடுது என்றேன். அவளுக்கு நான் அக்கா, எனக்கும் அவள் அக்கா, யார் மூத்தவள் என்று இன்னும் முடிவாகவில்லை. அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். என் கை கோணினா தையல் கோணலா விழும்க்கா, விழுந்தது விழுந்த இடத்துலயே கிடக்கும், அது ஏன் ஆடப் போகுது என்றாள்.

தலையில் அடித்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் இதே வேலை செய்தவள், எத்தனை பேருக்குப் பழுது கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள், இது எனக்குத் தோன்றவில்லையே. நான் என்றைக்கோ எழுதி வைத்த எண்கள் சிப்புக்குள் இருக்கின்றன, அவை எப்படி ஆடும்? கை நடுங்கியிருந்தால் கோடு கோணலாகியிருக்கும், அசையாது. நடுக்கம் என்ற சொல்லை நீங்கள் சொன்னீர்கள், நான் படத்தைப் பார்க்காமல் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்போதே மூடியைக் கழற்றினேன். பூனையை எடுத்துவிட்டு நடுவில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் வைத்தேன். ஒரு புள்ளியில் யார் கை நடுங்க முடியும், சொல்லு. அந்தப் புள்ளியும் புள்ளியாக இல்லை, அரிசி மணி நீளத்துக்கு ஒரு கோடாக நின்றது. இரண்டு போர்டுகளையும் டியூபிலிருந்து கழற்றிப் பார்த்தேன், அப்போதும் அதே அரிசி மணி. அப்படியானால் டியூபின் பக்கத்தில் இருக்கிற எதுவோதான் ஒளியைப் பிடித்து ஆட்டுகிறது. பக்கத்தில் இருந்தது டியூபுக்கு வேண்டிய அளவுக்குக் கரென்ட்டை ஏற்றிக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர். மரக்குச்சி ஒன்றால் அதைத் தள்ளிக் கால்வட்டம் திருப்பினேன். அரிசி மணி சுருங்கிக் கடுகானது, கடுகு ஊசி முனையானது. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தம்தான் அத்தனை நாளும் ஆட்டியிருக்கிறது. கரென்ட்டின் துடிப்பும் படத்தின் துடிப்பும் கொஞ்சம் முன்பின்னாக ஓடியதால் பூனை அப்படி நிதானமாக நெளிந்திருக்கிறது.

இதில் என் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. அந்த டியூப் வரும்போது காந்தம் உள்ளே போகாதபடி ஓர் உலோக உறை போட்டுத்தான் வந்தது. உறையோடு வைத்தால் மர மூடிக்குள் நுழையவில்லை என்று நான்தான் கழற்றி ஓரமாகப் போட்டேன். பழுதுக்கு வந்த கருவியில் வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் நானே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தையல்காரம்மாவிடம் கேட்டு மூடியின் பின்பக்கத்தை நான்கு விரல் அகலம் அறுத்து, உறையை மறுபடி மாட்டி, டிரான்ஸ்ஃபார்மரை டியூபுக்கு நேர் பின்னால் தள்ளி வைத்தேன். பூனை நின்றது. சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது.

ஷாக் அடிக்கும், அடிக்கும் என்கிறாய். அடிக்கும்தான், அதில் இருக்கிற வோல்ட்டேஜ் விளையாட்டுக்கில்லை, அது எனக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது. மூடி திறந்திருந்தால் இடது கை முதுகுக்குப் பின்னால், ஒற்றைக் கையால்தான் வேலை. பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் இருக்கிற கரென்ட்டை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடுவதில்லை. உன் மனசு ஆறுவதற்காக ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக் கொடுக்கிறேன், இனி தனியாக இருக்கும்போது மூடியைத் திறக்க மாட்டேன். தையல்காரம்மா தன் பட்டன் துளை வேலையை எடுத்துக்கொண்டு மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காட்டியிருக்கிறேன். இதற்கு மேல் ஓர் அங்குலமும் இறங்க மாட்டேன். போன வாரம் வீடியோவில் நீ உன் அறையைக் காட்டினாய் அல்லவா, ஹீட்டரையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகி, அந்த ஒயரை மெத்தைக்கு அடியில் விட்டிருக்கிறாய். எனக்கு ஷாக் அடிக்குமாம்! அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. முதலில் அதைப் பிடுங்கு, பிறகு எனக்குப் புத்தி சொல்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பூனை அசையாமல் நின்ற பிறகு பார்த்தால் அதில் மூன்று கோணல் தெரிந்தது. முதுகில் ஒரு மேடு, இடது காதில் ஒரு நெளிவு, வால் நுனியில் ஒரு நெளிவு. ஆட்டத்தில் இவை கண்ணுக்குப் படவில்லை. கதவுக்கும் டியூபுக்கும் நடுவில் நின்று மாறி மாறிப் பார்த்தேன். முதுகும் காதும் கதவிலும் அப்படியே இருக்கின்றன, அவை நீ போட்டவை. வால் மட்டும் கதவில் வழுவழுவென்று போகிறது. அந்த நெளிவு என்னுடையது, டிரேசிங் எடுக்கும்போது கை நடுங்கிய இடம். இரண்டு எண்களை மாற்றினால் போதும், நேராகிவிடும். நான் மாற்றவில்லை, மாற்றப் போவதும் இல்லை. நீ வரைந்த பூனை ஐந்து காலில் நிற்கிறது, உன் அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்று வைத்துக்கொள்.

நீ வா. வந்து அந்த அறையில் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார். அதற்குப் பிறகும் காலி செய்யவேண்டும் என்று தோன்றினால் என் முகத்தைப் பார்த்துச் சொல். ஆனால் சொல்லும் முன் கதவைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொள். ஆறு வயதில் நீ போட்ட கோடு ஒன்றாவது நேராக இருக்கிறதா? காலைக்கூட ஒழுங்காக எண்ணவில்லை. அப்பாவும் நானும் அன்றைக்கு உன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கவில்லையே கண்ணு.

நல்லபடியாக இரு, வேளைக்குச் சாப்பிடு, உன் நெஞ்சில் சளி சேராமல் இருக்கட்டும், நினைத்ததெல்லாம் கைகூடட்டும். மெத்தைக்கு அடியில் இருக்கிற ஒயரை இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் எடுத்துவிடு.

வேலையறையிலிருந்து, அங்கேயே இருக்கப் போகிற
உன் அம்மா